ரத்தம் சுமக்காத மூச்சு: பூச்சிகளின் உடலுக்குள் காற்று போகும் வழி

தட்டான்பூச்சி உரித்துவிட்டுப் போன பழைய தோல், நீரோரத்துத் தண்டுகளில் கால்களால் கவ்வியபடியே ஒட்டியிருக்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு தெரியும். வெடிப்புக்குள் வெள்ளை நூல் போலச் சில இழைகள் தொங்கும். சிலந்தி நூல் என்று நினைத்துப் பலர் ஊதித் தள்ளிவிடுவார்கள். உண்மையில் அவை அந்தப் பூச்சியின் மூச்சுக்குழல்களின் உள்ளுறைகள். தோல் உரிந்தபோது அவையும் சேர்ந்து உரிந்து, உடலுக்குள்ளிருந்து உருவப்பட்டு வெளியே வந்திருக்கின்றன.

பூச்சியின் மூச்சு அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த வெள்ளை இழையைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மூச்சுக்குழல் தோலோடு உரிகிறது என்றால், அதுவும் தோல்தான். கரு வளரும்போது உடலின் இரு பக்கங்களிலும் தோல் குழி விழுந்து, உள்நோக்கி நீண்டு, கிளைத்துக் குழாய்களாகிறது. வெளித்தோலில் உள்ள அதே கைட்டின் பொருள் இந்தக் குழாய்களின் உட்சுவரிலும் படிந்திருக்கிறது. நம்முடைய நுரையீரலோடு இதை ஒப்பிட்டால் வழி தவறிவிடும். மூக்கு, தொண்டை, நுரையீரல், ரத்தம் என்ற வரிசை எதுவும் இங்கே கிடையாது. வெளிக்காற்று குழாய் வழியாகவே ஒவ்வொரு தசைக்கும் நரம்புக்கும் குடலுக்கும் பக்கத்தில் போய் நிற்கிறது.

குழாயின் வாய்தான் சுவாசத்துளை. கரப்பான்பூச்சிக்கு 10 இணை: மார்பில் 2, வயிற்றில் 8. பட்டுப்புழுவுக்கு 9 இணை: மார்பின் முதல் வளையத்தில் ஒன்று, வயிற்றில் எட்டு. வளர்ந்த பட்டுப்புழுவின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் கறுத்த நீள்வட்டப் புள்ளிகள் இவைதான்; லென்ஸ்கூடத் தேவையில்லை. 1669-இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி பட்டுப்பூச்சியை அறுத்துப் பார்த்து இந்தக் குழாய் அமைப்பை விவரித்தார். துளைகளில் எண்ணெய் தடவினால் புழு இறந்துபோவதையும் அவர் கண்டார். பூச்சிகள் மூச்சு விடுவதே இல்லை என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்த கருத்து அதோடு அடிபட்டுப் போனது.

துளையிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்கள் உடலின் நீளவாக்கில் ஓடும் பிரதான குழாய்களோடு இணைகின்றன. அவை கிளைத்துக் கிளைத்துச் சிறுத்து, கடைசியில் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள நுண்குழல்களாக முடிகின்றன. முனைகளில் விட்டம் 0.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு நுண்குழல் தொகுப்பையும் ஒரே ஒரு செல்தான் தன் விரல்களை நீட்டி உருவாக்குகிறது. பெரிய குழாய்களின் சுவரில் திருகு போன்ற தடிப்பு ஓடும். வாக்குவம் கிளீனர் குழாயில் இருக்கும் சுருளை நினைத்துக்கொள்ளலாம்: குழாய் வளையும், ஆனால் நசுங்கி அடைத்துக்கொள்ளாது.

இதை நேரில் பார்ப்பது எளிது. அப்போதுதான் கொன்ற கரப்பானை மெழுகுத் தட்டில் குத்தி, 0.9 சதவீத உப்புக்கரைசல் ஊற்றி மூழ்கவைக்க வேண்டும். முதுகு ஓடுகளின் இரு ஓரங்களையும் சிறு கத்தரியால் வெட்டி ஓட்டைத் தூக்கினால், குடலைச் சுற்றி வெள்ளிக்கம்பி போல மின்னும் கிளைகள் தெரியும். உள்ளே காற்று இருப்பதால்தான் அந்த மினுமினுப்பு. ஒரு துண்டை எடுத்துக் கிளிசரின் சொட்டில் வைத்து 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் திருகுச் சுருள் தெளிவாகத் தெரியும். பலருக்கு இது சரியாக வராததற்குக் காரணம், ஆல்கஹாலில் நெடுநாள் கிடந்த பூச்சியை எடுப்பது. அதில் குழாய்களுக்குள் திரவம் புகுந்து, வெள்ளி நிறமே போயிருக்கும். புதிய பூச்சியிலும் நேரம் ஆக ஆக மெல்லிய கிளைகள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆகவே தாமதிக்கக் கூடாது.

பூச்சியின் ரத்தமான ஹீமோலிம்ஃபுக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. அது உணவையும் ஹார்மோன்களையும் கழிவையும் கொண்டுபோகிறது. அதனால்தான் அதற்குச் சிவப்பு நிறம் இல்லை. கொசுவை அடித்தால் கையில் படும் சிவப்பு, அது குடித்த ரத்தம். விதிவிலக்குகள் உண்டு: சேற்றில் வாழும் கைரோனமஸ் ஈயின் சிவந்த புழுவில் ஹீமோகுளோபின் இருக்கிறது, கல்ஈக்கள் சிலவற்றில் தாமிரம் கொண்ட ஹீமோசயனின் இருக்கிறது. மற்றபடி எல்லாம் குழாயின் வேலைதான்.

குழாய் ஏன் போதுமானதாக இருக்கிறது என்பதற்கு விடை காற்றின் இயல்பில் இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் 6 அல்லது 7 மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். தவிர, ஆக்சிஜன் மூலக்கூறு நீரில் விரவுவதைவிட (அதாவது, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதைவிட) காற்றில் சுமார் 10,000 மடங்கு வேகமாக விரவும். இரண்டையும் பெருக்கினால், காற்று நிரம்பிய குழாய் ஒன்று ஈரத் திசுவைவிட லட்சக்கணக்கான மடங்கு நல்ல பாதை. அதனால் கடைசி மைக்ரோமீட்டர் வரை காற்றாகவே கொண்டுபோவதில் லாபம் இருக்கிறது.

அந்தக் கடைசி மைக்ரோமீட்டரில்தான் அழகே இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது பல பூச்சிகளில் நுண்குழலின் முனையில் கொஞ்சம் திரவம் தேங்கியிருக்கும். தசை கடுமையாக உழைக்கும்போது அதில் கழிவுப் பொருட்கள் சேர்ந்து சவ்வூடுபரவல் அழுத்தம் கூடுகிறது. திரவம் திசுவுக்குள் இழுக்கப்படுகிறது. அது விட்ட இடத்தில் காற்று முன்னேறுகிறது. எந்தத் தசைக்குத் தேவை அதிகமோ அதற்குப் பக்கத்தில் காற்று தானாகவே நெருங்கி வருகிறது. பறக்கும் தசைகளில் நுண்குழல்கள் தசைச் செல்லின் சவ்வை உள்ளே அழுத்திக்கொண்டு செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களின் பக்கத்திலேயே ஓடுகின்றன. பறக்கும்போது ஆக்சிஜன் செலவு ஓய்வு நிலையைவிடப் பல பத்து மடங்கு கூடும். அப்படியிருந்தும் அந்தத் தசையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் லாக்டிக் அமிலம் சேர்வதில்லை.

வளர்ச்சியிலும் இதே முறைதான். பழ ஈயின் புழுவில் ஆக்சிஜன் போதாத செல்கள் 'பிரான்ச்லெஸ்' என்ற மரபணுவின் புரதத்தை வெளிவிடுகின்றன. அதை 'பிரெத்லெஸ்' என்ற ஏற்பி உணர்ந்துகொள்ள, நுண்குழல் செல் அந்தத் திசையில் புதுக் கிளை நீட்டுகிறது. பசித்த செல் குரல் கொடுக்க, குழாய் அதைத் தேடிப் போகிறது.

காற்று சும்மா உள்ளே போய்விடுமா?

பாடநூல்களில் 'விரவல் மூலம் நடக்கிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920-இல் குழாய்களின் நீளத்தையும் குறுக்குப் பரப்பையும் அளந்து, ஒரு பெரிய மரத்துளைப் புழுவுக்குக்கூட விரவல் மட்டுமே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஓய்ந்து கிடக்கும் புழுவுக்கும் சிறு பூச்சிக்கும் அது பொருந்தும். அதையே எல்லாப் பூச்சிக்கும் எல்லா நேரத்துக்கும் நீட்டியதுதான் பிழை. அந்தப் பிழை இன்னும் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது.

ஒரு வெட்டுக்கிளியைச் சில நிமிடம் கவனியுங்கள். அதன் வயிறு மேலும் கீழுமாகச் சுருங்கி விரியும். துரத்திக் குதிக்கவைத்த பிறகு பார்த்தால் அந்தத் துடிப்பு இன்னும் வேகமாக இருக்கும். அது காற்றைப் பம்ப் செய்கிறது. மார்புப் பக்கத்துத் துளைகள் திறக்கும்போது வயிற்றின் பின்பக்கத் துளைகள் மூடியிருக்கும். பிறகு முன்துளைகள் மூடி, பின்துளைகள் திறக்கும். ஆகவே காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும் ஒருவழிப் பாதை உண்டாகிறது. குழாய்களின் நடுவே சுருளில்லாத மெல்லிய காற்றுப்பைகள் இருக்கின்றன. நசுங்கி விரிவது அவற்றின் வேலை. பறக்கும்போது மார்பின் அசைவே பறக்கும் தசைகளின் காற்றுப்பைகளைப் பிசைந்துவிடுகிறது.

வயிற்றை இப்படி அசைக்காத பூச்சிகளிலும் விஷயம் நடக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. 2003-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், சின்குரோட்ரான் என்ற துகள்முடுக்கி தரும் வலுவான எக்ஸ்-கதிரைக் கொண்டு உயிருள்ள வண்டுகளையும் சிள்வண்டுகளையும் எறும்புகளையும் படம் பிடித்தார்கள். தலையிலும் மார்பிலும் உள்ள பெருங்குழாய்கள் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை நசுங்கி விரிந்தன. சுருள் இருந்தும் அவை ஒரு பக்கமாகத் தட்டையாகிவிடுகின்றன. பாதி அளவுக் காற்றுவரை ஒரே அமுக்கில் மாறுகிறது. மிதமான உடற்பயிற்சியின்போது நம் நுரையீரலில் மாறும் காற்றின் பங்கை ஒத்தது அது.

வாசலில்தான் சிக்கல்

ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது பூச்சிக்குப் பெரிய பாடு இல்லை. வெளியே ஓடிவிடும் நீரைப் பிடித்துவைப்பதுதான் பாடு. குழாயின் உட்சுவர் முழுக்க ஈரம். துளை திறந்திருந்தால் ஆக்சிஜன் உள்ளே வரும் அதே வழியில் நீராவி வெளியே போகும். அதனால் பெரும்பாலான நிலப் பூச்சிகளின் துளைகளில் தசையால் இயங்கும் மூடி இருக்கிறது. பலவற்றில் வாசலில் மயிர்களோ சல்லடைத் தட்டோ இருந்து தூசியைத் தடுக்கும்.

மூடியைத் திறக்கும் முக்கியச் சைகை கார்பன் டை ஆக்சைடு. காற்றில் அதன் அளவை ஒருசில சதவீதம் உயர்த்திவைத்தாலே போதும், துளைகள் மூடாமல் திறந்தே இருக்கும், பூச்சி உலர்ந்துபோகும். கார்பன் டை ஆக்சைடு திசுக்களில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கும் மேல் எளிதாகக் கரைந்து நகரும். அதனால் அது ரத்தத்தில் பைகார்பனேட்டாகத் தேங்கிக்கொள்ளும். அவசரமாக வெளியேற்றத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு விசித்திரமான மூச்சு முறை உண்டு.

பெரிய அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களில் அது தெளிவாகத் தெரியும். முதலில் எல்லாத் துளைகளும் இறுக மூடிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் ஆக்சிஜன் செலவாகி, அதன் அழுத்தம் 4 அல்லது 5 கிலோபாஸ்கலுக்கு (அழுத்தத்தின் அலகு) இறங்கும். வெளிக்காற்றில் அது 21. அந்த நிலை வந்ததும் மூடிகள் படபடவென்று நூலளவு திறந்து திறந்து மூடும். ஆக்சிஜன் தேவைக்கு மட்டும் நுழையும். கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். அது 6 கிலோபாஸ்கலை நெருங்கும்போது துளைகள் அகலத் திறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சாக வெளியே விட்டுவிடும். பிறகு மீண்டும் மூடல். ஒரு சுற்று முடியப் பல மணி நேரம்கூட ஆகும்.

இது எதற்காக? நீரைச் சேமிக்க என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட பதில். ஆனால் ஓய்வில் இருக்கும் பெரும்பாலான பூச்சிகளில் மூச்சு வழியாகப் போகும் நீர் சிறு பங்குதான்; பெரும்பங்கு தோல் வழியாகவே போகிறது. நிலத்தடி வளைகளில் காற்றின் சேர்க்கை மோசமாக இருப்பதைச் சமாளிக்க என்று சிலர் சொன்னார்கள். 2005-இல் ஸ்டீபன் ஹெட்ஸ், டிமோத்தி பிராட்லி இருவரும் அட்லஸ் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்து வேறொரு பதிலைத் தந்தார்கள்: வெளியே ஆக்சிஜன் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும், படபடப்புக் கட்டத்தில் உள்ளே அந்த 4–5 கிலோபாஸ்கல் அளவு மாறவில்லை. பறக்கும் வேகத்துக்குக் கட்டப்பட்ட குழாய் அமைப்பு, ஓய்வில் இருக்கும் உடலுக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜனைத் தந்துவிடும். ஆக்சிஜன் மிகுந்தால் செல்களைச் சிதைக்கும். அதைத் தடுக்கவே மூடல் என்பது அவர்கள் வாதம். எல்லாப் பூச்சி இனங்களுக்கும் ஒரே காரணம் என்று தேடுவது வீண் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே மூடி வறண்ட இடத்தில் நீரையும், வேறிடத்தில் ஆக்சிஜனையும் கட்டுப்படுத்தலாம்.

நீருக்கடியில்

காற்றுக்காக அமைந்த இந்த உடலோடு நீரில் இறங்கிய பூச்சிகள் பல வழிகளைக் கண்டிருக்கின்றன. கியூலெக்ஸ் கொசுப்புழு வாலருகே உள்ள குழாயின் நுனியை நீர்ப்பரப்பில் ஒட்டவைத்துத் தலைகீழாகத் தொங்கும். நுனியில் உள்ள ஐந்து மடல்கள் நீர் ஒட்டாதவை. பரப்பு இழுவிசைதான் புழுவைத் தாங்கி நிற்கிறது. அனோபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். தொட்டியில் புழு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்தே அது அனோபிலிஸா இல்லையா என்று சொல்லிவிடலாம். நீரில் எண்ணெய்ப் படலம் விட்டால் இழுவிசை குறைந்து, எண்ணெய் குழாய்க்குள் ஏறி, புழு இறக்கும். ஆனால் மான்சோனியா இனத்தின் புழு பரப்புக்கே வராது. நீர்த்தாவரங்களின் வேரில் குழாயைக் குத்தி அங்குள்ள காற்றை உறிஞ்சும். அதற்கு எண்ணெய் பலிக்காது. செடியை அகற்ற வேண்டும்.

நீர்வண்டுகள் இறக்கையுறைக்கு அடியில் காற்றுக் குமிழைக் கொண்டு முங்குகின்றன. அது வெறும் சேமிப்பு இல்லை. வண்டு ஆக்சிஜனைச் செலவழிக்கும்போது குமிழில் அதன் பங்கு குறைகிறது. உடனே சுற்றியுள்ள நீரிலிருந்து ஆக்சிஜன் குமிழுக்குள் வருகிறது. குமிழில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் மெதுவாகத்தான் நீரில் கரையும். அது இருக்கும்வரைதான் குமிழ் குமிழாக இருக்கும். கணக்குப்படி, எடுத்துச் சென்ற ஆக்சிஜனைப் போலச் சுமார் எட்டு மடங்கு இப்படிக் கிடைக்கும். 1915-இல் ரிச்சர்ட் எகே, தூய ஆக்சிஜன் கரைத்த நீரில் தூய ஆக்சிஜன் குமிழோடு நீர்ப்பூச்சிகளை விட்டுப் பார்த்தார். சாதாரணக் காற்றோடு இருந்தவற்றைவிட அவை மிகச் சீக்கிரம் இறந்தன. நைட்ரஜன் இல்லாததால் குமிழ் சட்டென்று சுருங்கிவிட்டது.

அஃபெலோகீரஸ் என்ற நீர்ப்பூச்சி குமிழே சுருங்காதபடி செய்துகொண்டது. அதன் உடலில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்மயிர்கள், நுனி வளைந்து நிற்கின்றன. நடுவே பிடிபட்ட மெல்லிய காற்றுப் படலத்துக்குள் நீர் புக முடியாது. பூச்சி மேலே வரவே தேவையில்லை. ஆனால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டால் இதே படலம் எதிர்த்திசையில் வேலை செய்து, பூச்சியிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி நீருக்குக் கொடுக்கும். ஓடும் நீரில் மட்டும் இது வாழ்வதற்குக் காரணம் அதுதான். தட்டானின் இளம்பூச்சி மலக்குடலுக்குள் செவுள் வைத்திருக்கிறது. நீரை உறிஞ்சி விடுவது மூச்சு, வேகமாகப் பீய்ச்சினால் அதுவே பாய்ச்சல்.

அளவுக்கு ஒரு வரம்பு

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகாநியூரா என்ற தட்டான் போன்ற பூச்சிக்கு இறக்கை விரிப்பு 65 சென்டிமீட்டருக்கும் மேல். அக்காலத்துக் காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்பது பரவலான மதிப்பீடு. உடல் பெருக்கப் பெருக்கக் குழாய்களுக்கு இடம் விகிதத்துக்கு மேல் வேண்டியிருக்கிறது. வண்டுகளின் கால் மார்போடு சேரும் குறுகிய இடத்தில் அந்த நெருக்கடி தெரிகிறது என்று 2007-இல் வெளியான எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. ஆனால் ஆக்சிஜன் மட்டுமே காரணமில்லை. 2012-இல் புதைபடிவ இறக்கைகளை அளந்த ஆய்வு, பறவைகள் தோன்றிய பிறகு ஆக்சிஜன் கூடியும் பூச்சிகள் பெருக்கவில்லை என்று காட்டியது. இரையாவதும் ஒரு வரம்பு.

வளரும் புழுவுக்குள்ளும் இந்த வரம்பு இருக்கிறது. பெருங்குழாய்கள் தோல் உரிக்கும்போது மட்டுமே அகலமாகும். இரண்டு உரிப்புகளுக்கு நடுவே உடல் மட்டும் பெருக்கும். புகையிலைக் கொம்புப்புழுவில் குழாய் அமைப்பு உடலுக்குப் போதாமல் போவதே அடுத்த உரிப்புக்கான அறிகுறியாகிறது என்று 2011-இல் விவியன் காலியர், ஃபிரடெரிக் நைஹவுட் இருவரும் காட்டினார்கள்.

வாசலைப் பிடித்துக் கொல்வது

செடியில் அசுவினி மீது வெறும் நீரைத் தெளித்தால் துளைக்குள் போகாது. தோலும் வாசலும் நீர் ஒட்டாதவை. அதே நீரில் 1 முதல் 2 சதவீதம் பூச்சிக்கொல்லிச் சோப்போ தோட்டக்கலை எண்ணெயோ கலந்தால் நீர் பரவி ஒட்டும், வாசலை அடைக்கும். சோப்பு தோலின் மெழுகையும் கெடுக்கும். இது பலிக்காமல் போகும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான். ஒன்று, உடலில் படாத பூச்சி சாகாது. இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். இரண்டு, உலர்ந்த பிறகு சோப்புக்கு வேலை இல்லை, ஆகவே உச்சி வெயிலில் தெளிப்பது வீண். மூன்று, கடின நீரின் கால்சியம் சோப்பைத் திரித்துவிடும். நுரை வராமல் வெண்திரி மிதந்தால் நீரை மாற்றுங்கள். கெட்டி ஓடுள்ள வண்டுகளுக்கு இது போதாது.

தானியக் கிடங்கில் ஆக்சிஜனை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கியோ, கார்பன் டை ஆக்சைடை 60 சதவீத அளவுக்கு ஏற்றியோ பத்து நாளுக்கு மேல் அடைத்து வைத்தால் பூச்சிகள் மடியும். கார்பன் டை ஆக்சைடு வாசலைத் திறந்தே வைப்பதால், புகைமருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் மருந்தும் கூடுதலாக உள்ளே போகும். குளிரில் காலம் நீளும், ஏனென்றால் பூச்சியின் மூச்சே மெதுவாகிவிடுகிறது. தானியத்துக்குள் ஒளிந்திருக்கும் அரிசி வண்டின் கூட்டுப்புழுவும், உறக்கநிலையில் இருக்கும் கப்ரா வண்டின் புழுவும் மற்றவற்றைவிட நெடுநேரம் தாங்கும். முறை தோற்கும் இடங்களில் பெரும்பாலும் கசிவுதான் காரணம்.

வாசல் வழியாக மருந்து மட்டும் போவதில்லை. 1921-இல் தேனீயின் மூச்சுக்குழலுக்குள் வாழும் ஓர் உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது: அகாராபிஸ் ஊடி. நீளம் 0.15 மில்லிமீட்டர் அளவு. கூட்டிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத இளந்தேனீயைத் தேர்ந்து, மார்பின் முதல் துளை வழியாக நுழைந்து, குழாய்க்குள்ளேயே முட்டையிட்டு, சுவரைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேனீயின் தலையை நீக்கி, மார்பின் முன்வளையத்தை இடுக்கியால் உரித்தெடுத்து, இரு பக்கமும் பிரியும் முதல் மூச்சுக்குழல்களை நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். நலமான தேனீயில் குழாய் வெள்ளையாக, தெளிவாக இருக்கும். உண்ணி புகுந்ததில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். முற்றிவிட்டால் குழாய் முழுக்கக் கறுத்து, உள்ளே உண்ணிகள் நெருக்கியடித்துக் கிடப்பது தெரியும்.